எம்மேல போட்டுடு

அந்தப் பொய்யை அவர் யாருக்காகச் சொன்னார்? என் அப்பாவுக்காகவா, எனக்காகவா?

இரண்டு வருடங்களாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. மகனைக் குளிப்பாட்டும்போது வருகிறது, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது வருகிறது. ஒரு நாள் ஒரு பதில் சரியென்று படும். மறுநாள் அது என் வசதிக்காக நானே செய்துகொண்ட பதில் என்று தோன்றும்.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். அடையாறில், மரங்கள் நிறைந்த ஒரு தெருவில், பழைய பங்களா ஒன்றைப் பராமரிப்பு மையமாக மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரி ‘இனி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்’ என்று சொல்லிவிடும். ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. அப்படிப்பட்டவர்களைச் சில மாதங்கள் வைத்துக்கொள்ளும் இடம் அது. மொத்தம் பதினான்கு படுக்கைகள். அங்கே பகல் நேர அட்டெண்டராக இருந்தவர் அவர். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நீல நிற மேல்கோட்டு, அதன் பையில் எப்போதும் மடித்து வைத்த ஒரு துண்டு. எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகப் புரியும்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிப்போனது. விழுங்குவதும் கஷ்டமானது. அம்மா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நான் ஒரே பெண். அப்போது என் மகனுக்குப் பத்து மாதம். கணவர் புனேயில் வேலை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவார். அசோக் நகரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இத்தனை காரணங்களை வரிசையாகச் சொல்லுகிறேன், பாருங்கள். அப்பாவை அங்கே விட்டதற்கு யாராவது கேள்வி கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

தினமும் நாலு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போவேன். ஆறு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். நான் கிளம்பும்போது அப்பா என் முகத்தைப் பார்க்க மாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும்.

முதல் வாரத்தில் எனக்கு அந்த அக்காவைப் பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. அப்பாவுக்கு அடுத்த படுக்கையில் மயிலாப்பூர் மாமா ஒருவர் இருந்தார், இடுப்பெலும்பு முறிந்தவர். ஞாயிற்றுக்கிழமை மாலை அவருடைய மகன் பார்க்க வந்தார். போர்வையை விலக்கினால் படுக்கை நனைந்திருந்தது.

“நான்தான் சார்,” என்று அக்கா ஓடிவந்தார். “தண்ணி எட்த்துக்கினு வந்தேன், கை தவறிடிச்சு.”

“பாத்துப் பண்ணக்கூடாதா? இப்பதான் ஜலதோஷம் விட்டிருக்கு அவருக்கு.”

“தப்புதான் சார். தோ, ஒரு நிமிசம், மாத்திடறேன்.”

மாமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் போன் பேச வராந்தாவுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் தண்ணீர் கொட்டியது. புதன்கிழமை யாருடைய சாப்பாட்டுத் தட்டோ கீழே விழுந்தது. வெள்ளிக்கிழமை எதிர் அறையில் ஒருவருக்குச் சிறுநீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் “நான்தான் சிஸ்டர், நான்தான் சார்” என்று ஒரே குரல் வரும். இவரை நம்பியா அப்பாவை விட்டிருக்கிறோம் என்று நினைத்தேன். வரவேற்பறையில் கருத்துப் புத்தகம் என்று ஒரு நீளமான நோட்டு இருந்தது. அதில் அரைப் பக்கம் எழுதினேன். ‘இந்த அட்டெண்டர் மிகவும் கவனக்குறைவாக இருக்கிறார். ஒரே வாரத்தில்...’ என்று தொடங்கி எல்லாவற்றையும் கிழமையோடு குறிப்பிட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். கீழே முழுப் பெயரோடு கையெழுத்தும் போட்டேன்.

இன்சார்ஜ் சிஸ்டர் படித்துவிட்டு, “பேசுறேன் மேடம்,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அக்கா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “புக்குல எய்தினியாமே,” என்றார்.

நான் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

“எய்து கண்ணு. கேக்கறதுக்கு ஆள் கீதுன்னு தெரிஞ்சாத்தான் நைனாவ எல்லாரும் ஒயுங்கா பாத்துப்பாங்க.” கோபமே இல்லை. உடனே அப்பாவின் பக்கம் திரும்பிவிட்டார். “தாடைய நெஞ்சுல வெய்யி நைனா. ஆங். முயுங்கு. இன்னொரு தபா முயுங்கு. வாயத் தொற, பாப்போம்.”

அவர் ஊட்டும் விதத்தை அன்றுதான் சரியாகக் கவனித்தேன். முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் கொடுத்து, இரண்டு முறை விழுங்கச் சொல்லி, கன்னத்தில் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஸ்பூன். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மற்ற அட்டெண்டர்கள் இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

வலது கையின் வேலையையும் இனி செய்ய வேண்டிய அப்பாவின் இடது கைக்குப் பயிற்சி வேண்டும் என்று பிசியோதெரபி பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார். அப்பா அதைத் தொடவே இல்லை. அக்கா துவைத்துக் காய்ந்த படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார். “இன்னா நைனா, கடைக்கு வந்துகீறேன், பொடவ காட்ட மாட்டியா?” அப்பா ஒற்றைக் கையால் ஒரு விரிப்பை உதறி விரித்தார். பட்டுப் புடவையின் முந்தானையைக் காட்டுவதுபோல ஓரத்தை வெளியே விட்டு மடித்தார். அக்கா அதைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “பார்டர் சின்னதா கீதே. வேற காட்டு.” அப்பா சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனாலும் அது சிரிப்புதான்.

அதற்கு அடுத்த வாரம் வராந்தாவில் அப்பாவுக்கு நடைப் பயிற்சி. வாக்கரைப் பிடித்து எட்டு அடி நடந்திருப்பார். பார்வையாளர் நேரம், நாற்காலிகளில் பத்துப் பேராவது உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சட்டென்று நின்றார். அவர் முகம் மாறியதைத்தான் நான் முதலில் பார்த்தேன். பிறகு வேட்டியைப் பார்த்தேன், நனையத் தொடங்கியிருந்தது. அப்போது அக்கா மருந்து மேசையிலிருந்த தண்ணீர் ஜக்கை எடுத்து, இரண்டு எட்டு வைத்து, அப்பாவின் வேட்டியின் மேலேயே கொட்டினார். ஜக்கையும் தரையில் போட்டார்.

“அய்ய, கை வயிக்கிடிச்சே. நைனா மேலயே ஊத்திட்டேனே. எம்மேல போட்டுடு நைனா, எல்லாம் எம்மேல போட்டுடு.”

வராந்தாவில் யாரோ, “கண்ணு தெரியலையா இந்தம்மாவுக்கு?” என்றார்கள். அக்கா பையிலிருந்து துண்டை எடுத்து, குனிந்து தரையைத் துடைத்தார். அப்பா அவருடைய தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இரண்டு பேருக்கும் நடுவில் நான் வேண்டாதவளாக நின்றதுபோல இருந்தது.

நான் எழுதிவைத்த அந்த வாரத்துத் தண்ணீர், தட்டு, குழாய் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கின. நோட்டில் எழுதியதை அடித்துவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். ஆனால் அடித்தால் ஏன் என்று சிஸ்டர் கேட்பார். காரணம் சொன்னால் மாமாவின் மானமும் அப்பாவின் மானமும் வெளியே வந்துவிடும், அக்கா இத்தனை நாள் காப்பாற்றியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். அடுத்த வாரம் யோசித்துச் செய்யலாம் என்று விட்டுவிட்டேன். யோசித்துக்கொண்டே இருப்பது எனக்கு ஒரு வேலை மாதிரி.

எல்லோருடைய பழியையும் அவர் வாங்கிக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் இன்னொரு அட்டெண்டர், சின்ன வயதுப் பெண், மாமாவுக்கு உடம்பு துடைத்துவிட மறந்துவிட்டாள். “நீ மறந்துட்டேன்னு சொல்லேன்க்கா. உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க,” என்று கெஞ்சினாள்.

அக்கா சிரித்தார். “படுத்துக்கினு கீறவங்களுக்குத்தான் இந்த அக்கா. நடமாடறவ நீ, உனுக்கு இன்னாத்துக்கு? போய் திட்டு வாங்கிக்கினு வா. ஒண்ணும் தேஞ்சுட மாட்ட.”

அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கேட்டதில்லை என்பதுதான் உண்மை. மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து நாலரை மணிக்குச் சாப்பிடுவார். ஒரு முறை குழந்தையோடு அந்தப் பக்கம் போனபோது, “நீ துன்னியா?” என்று கேட்டார். அந்த மாதங்களில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது அவர் ஒருவர்தான். பதிலுக்கு நானும் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “வீட்ல யாரெல்லாம் இருக்காங்கக்கா?” என்றேன்.

“நான் கீறேன்.” கொஞ்ச நேரம் மென்றார். “முன்ன ஆத்தோரமா இருந்தோம். தோ, இங்கேருந்து நடந்தா வந்துடலாம். குடிசைய இட்ச்சிட்டு செம்மஞ்சேரி பக்கம் வூடு குட்த்தாங்க. அஞ்சாவது மாடி. லிஃப்ட்டு கீது, ஓடாது. பக்கத்து வூட்ல யாரு கீறாங்கன்னே தெரில. அவுங்க கதவும் சாத்திக்கினு கீது, எங்கதவும் சாத்திக்கினு கீது.”

பிறகு என் மகனிடம் ஒரு பருக்கையை விரல் நுனியில் நீட்டினார். சுத்தமான கையா என்று நான் ஒரு நொடி தயங்கினேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். பருக்கையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, “புள்ளைக்கு வாணாம், காரம்,” என்றார்.

இப்போது காப்பி விஷயத்துக்கு வர வேண்டும்.

அப்பாவின் படுக்கைக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருந்தது. தண்ணீர், காப்பி, மோர் எதையும் அப்படியே கொடுக்கக் கூடாது. ஒரு பவுடரைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். அப்பா அந்தக் கெட்டிக் காப்பியை ஒரு வாய்க்கு மேல் தொட மாட்டார். “பசை,” என்பார். கடையில் விலைச்சீட்டு ஒட்டுவார்களே, அந்தப் பசை. நாற்பது வருடமாகக் காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என்று டிகிரி காப்பி குடித்தவர்.

அன்று என்னுடைய பிறந்தநாள். எனக்காகவும் அக்காவுக்காகவும் ஒரு பிளாஸ்க்கில் காப்பி கொண்டுபோயிருந்தேன். அக்கா எதிர் அறையில் ஒருவருக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்ததும் அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். “ஒரு வா காப்பி தாளா,” என்றார். என்னை அப்படி ‘ளா’ போட்டு ஊர்ப்பேச்சில் கூப்பிட்டு மூன்று மாதமாகியிருந்தது. அவ்வளவு தெளிவாக அவர் ஒரு வாக்கியம் பேசியதும் அன்றுதான்.

ஒரே ஒரு வாய்தானே என்று டம்ளரில் கால்வாசி ஊற்றினேன். ஸ்பூனால் கொடுப்பதாகத்தான் இருந்தேன். அப்பா இடது கையை நீட்டினார், நான் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் டம்ளரை எச்சில் பண்ணிக் குடிக்க மாட்டோம். அப்பா தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். தாடையை நெஞ்சில் வை என்று அக்கா தினமும் சொல்லிக் கொடுத்ததற்கு நேர் எதிராக. நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் அவர் குடிப்பதைப் பார்த்து, என் பழைய அப்பா வந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றேன்.

இருமல் உடனே வந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் தளும்பியது. அக்கா ஓடிவந்தார். அப்பாவை முன்னால் சாய்த்து முதுகைத் தட்டினார், இருமவைத்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அக்கா அப்பாவின் வாயைத் துடைத்தார். டம்ளரைப் பார்த்தார், பிளாஸ்க்கைப் பார்த்தார். டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து என் பைக்குள் வைத்தார்.

“புள்ள அயுவுது பாரு. தூக்கிக்கோ,” என்றார்.

மறுநாள் மதியம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. நான் போனபோது டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “வலது பக்கம் சத்தம் சரியில்ல. ஏதாவது உள்ள போயிருக்கணும். யாராவது தண்ணி மாதிரி எதாவது குடுத்தீங்களா?” என்று அறையில் இருந்த எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்.

குழந்தை இடுப்பில் இருந்தான். சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நான்தான் சார்,” என்றார் அக்கா. “நேத்து தாகமா கீதுன்னு கேட்டாரு. ஒரு டம்ளர் தண்ணி குட்த்துட்டேன்.”

இன்சார்ஜ் சிஸ்டர் அவரை நம்ப முடியாமல் பார்த்தார். “நீங்களாக்கா? போர்டு போட்டிருக்குல்ல?”

“மறந்துட்டேன் சிஸ்டர்.”

அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அப்பாவை ஏற்றும்போது சிஸ்டர் என்னிடம் வந்து, “மன்னிச்சுக்கங்க மேடம். நீங்க முன்னாடியே புக்குல எழுதியிருந்தீங்க. நாங்கதான் சீரியஸா எடுத்துக்கல,” என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

ஒன்பது நாள் கழித்து அப்பா உயிரோடு திரும்பி வந்தபோது அக்கா அங்கே இல்லை. அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். ‘வேற இடத்துல வேலை கெடைச்சுப் போயிட்டாங்கப்பா’ என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புதிதாக வந்த அட்டெண்டர் இருபது நிமிடத்தில் ஊட்டி முடித்தார். படுக்கை விரிப்புகளை யாரும் அவர் மடியில் போடவில்லை.

சில நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். எச்சில்கூட உள்ளே போய்க் காய்ச்சல் வரலாம் என்று அந்த டாக்டரே பிறகு சொன்னார். காப்பியாக இல்லாமலும் இருக்கலாம். அப்பாவே கேட்டு வாங்கிக் குடித்தார் என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்கும். வழக்கம்போலப் படுத்திருக்கும் ஒருவரை அவர் காப்பாற்றினார், அவ்வளவுதான். இன்னொரு நாள் நினைத்துக்கொள்வேன், இல்லை, அவர் பேசுவதற்கு முன்னால் என் முகத்தைத்தான் பார்த்தார். நடமாடுகிறவர்களுக்குச் செய்ய மாட்டேன் என்றவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என்னை எந்த வரிசையில் சேர்த்தார்?

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “முடிஞ்சு போச்சு, விடு,” என்றார். விட்டுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் வரைக்கும்.

போன வாரம் மயிலாப்பூரில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அக்கா அங்கே வேலைக்குக் கேட்டிருக்கிறாராம். இதற்கு முன்னால் பார்த்துக்கொண்ட நோயாளியின் குடும்பம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அவரிடம் இருந்த நம்பர் அது ஒன்றுதானோ என்னவோ. இந்த இரண்டு வருடமும் வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாராம்.

அந்த மனிதரிடம் அக்காவின் நம்பரை வாங்கி அன்றே கூப்பிட்டேன். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

“நைனா நல்லா கீறாரா?”

“நல்லா இருக்காருக்கா. வீட்லதான் இருக்காரு. குச்சி வெச்சு நடக்கிறாரு.”

“துன்றாரா ஒயுங்கா?”

“சாப்பிடறாரு. அக்கா, அன்னிக்கு நீங்க டாக்டர்கிட்ட...”

“பஸ்ஸு வந்துடிச்சு கண்ணு. புள்ளைய பாத்துக்கோ. வெக்கிறேன்.”

அதன்பிறகு இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

இல்லத்தின் மேலாளர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். அக்காவின் பொறுமை, சுத்தம், நோயாளியிடம் பேசும் விதம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக என்னால் எழுத முடியும். ‘முந்தைய பணியிலிருந்து விலகிய காரணம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அங்கேதான் நிற்கிறேன். ஒன்றும் எழுதாமல் விட்டால் அவர்கள் பழைய மையத்தைக் கேட்பார்கள். கவனக்குறைவு என்று அங்கே பதில் வரும், அதற்குச் சாட்சியாக என் கையெழுத்தே இருக்கிறது. காப்பியைக் கொடுத்தது நான் என்று எழுதினால் அந்தப் பழி நீங்கும். ஆனால் டாக்டரிடமே பொய் சொன்னவரை எந்த இல்லம் வேலைக்கு எடுக்கும்? தண்ணீர் என்று சொல்லிப் பால் கலந்த காப்பியைச் சொல்லாமல் விட்டது சிகிச்சைக்கே கெடுதலாக முடிந்திருக்கலாம், எனக்கே அது தெரிகிறது. இதில் அப்பாவும் இருக்கிறார். ‘அந்தப் புள்ள எங்க இருக்கா?’ என்று அக்காவைப் பற்றி இப்போதும் சில நாள் கேட்கிறார். நான் உண்மையை எழுதப்போனால், அவர் குடித்த காப்பிக்காகத்தான் அக்காவுக்கு வேலை போனது என்று அவருக்கும் சொல்லத்தான் வேண்டும்.

படிவத்தைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இன்று வியாழன். இதைப் படிப்பவர்களில் சிலராவது, பெற்றவரை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள். சிலர் அந்த இன்னொருவராகவே இருந்திருக்கலாம். தயவுசெய்து சொல்லுங்கள். அவருக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும். அந்த ஒரு வரியில் நான் என்ன எழுதட்டும்?